ஈறு நிறத்தில் ஓர் அடைப்பு

வேண்டியவர் ஒருவர் கண்ணெதிரே செத்துப்போகிறார். பக்கத்தில் நிற்பவர் “எல்லாம் விதி” என்கிறார். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். எதற்காக ஆட்டினீர்கள்? காரணம் தெரியாததாலா, தெரிந்துவிடுமோ என்ற பயத்தாலா?

பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். தலையாட்ட மறுத்த ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் கேளுங்கள். மறுத்ததால் அவருக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. இருந்ததும் போயிற்று.

அவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் மெழுகில் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, வாய்க்குப் பொருந்தும்படி பல்வரிசை செய்துகொடுப்பது தொழில். மருத்துவமனைக் கட்டடம் ஒன்றின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில் பட்டறை. உள்ளே போனால் மூக்கில் ரசாயன நெடி ஏறும். சுவரெல்லாம் பலகைகள், பலகையெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையில் யார் யாருடையவோ தாடைகள். புதிதாக வருகிறவர்கள் மிரள்வார்கள். “பயப்படாதீங்க, யாரையும் கடிச்சது கிடையாது” என்பார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் பல்லக்காதான்.

கூடப்பிறந்த தம்பி ஒருவர். கட்டடங்களின் உச்சியில் விளம்பரப் பலகை கட்டுகிறவர். சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்து யாரோ ‘பல்லி’ என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பல்லியின் மனைவி தையல்காரி. மூவரும் ஒரே வீட்டில், மேல்தளத்தில் தம்பி குடும்பம், கீழ்த்தளத்தில் அக்கா. பல்லக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அக்கறையாக விசாரித்தால், “எனக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கு, நீங்க எந்த நாட்டு ஆளைக் கேக்குறீங்க?” என்பார்.

அது பாதி உண்மை. அக்காவும் தம்பியும் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, சொந்த வானொலி நிலையம் வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவர்கள். நடுவில் தொலைபேசிக் கம்பெனி கிடையாது, கட்டணம் கிடையாது. இங்கே ஒரு கம்பி, அங்கே ஒரு கம்பி, நடுவில் ஆகாயம். கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு கிழவர் பேசும்போது அவர் வீட்டு நாய் குரைப்பது பல்லக்காவின் படுக்கையறையில் கேட்கும். “நாயைக் கேட்டதாச் சொல்லுங்க” என்பார். கிழவர் போய் நாயிடம் சொல்லிவிட்டு வருவார்.

ஊரில் இப்படி வானொலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர், டிரைவிங் பள்ளி நடத்தும் ஒருவர். எல்லோருக்கும் மாஸ்டர். சங்கம் கூடுவது அவருடைய வகுப்பறையில்தான். சுவரில் சாலைக் குறியீடுகள் தொங்கும். ‘நில்’ என்ற சிவப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மாஸ்டர் நிற்காமல் பேசுவார்.

ஒரு வருடம் பெருமழையில் தொலைபேசி, மின்சாரம் எல்லாம் படுத்துவிட்டன. ஆற்றுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையில் செய்தி கொண்டுபோனது இவர்களுடைய வானொலிதான். ஆனால் ஆன்டெனாக்கள் சின்னவை, தாழ்வானவை. பாதிக் குரல்கள் காதில் விழாமலே போயின. “அடுத்த மழைக்குள்ள பெரிய ஆன்டெனா போடணும், அதுக்கு ஒரு நல்ல டவர் வேணும்” என்று சங்கம் முடிவு செய்தது. டவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல்லக்காவிடம் வந்தது. வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம், மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மாஸ்டர் ஏற்கெனவே ஒன்றை மனசுக்குள் நட்டு வைத்திருந்தார். தெரிந்தவருடைய ஆலையில் சும்மா கிடந்த கம்பம். ஒல்லி, நல்ல உயரம், இலவசம்.

“ஆன்டெனா எல்லாம் சேர்த்தாலே ஒரு ஆள் கனம்தான். பல்லி ஏறினாத் தாங்கும்னா அதையும் தாங்கும். இதுல என்ன ஆராய்ச்சி?”

“கனத்தைப் பத்தி யாரு மாஸ்டர் பேசினா?” பல்லக்கா மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். “இது என்ன கனம்? ஒண்ணுமில்ல. புயல்ல விரிச்சுப் பிடிச்சிருக்கீங்களா? ஆளையே இழுத்துட்டுப் போகும். ஆன்டெனாவும் விரிச்ச குடைதான். காத்து எவ்வளவு தள்ளும்ங்கறதுதான் கணக்கு.”

“நான் கார்ல போறவன்மா. குடைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல.”

“அதான் தெரியுதே. காத்துன்னா ஏசியிலருந்து வர்றதுன்னு நினைச்சுட்டீங்க.”

வகுப்பறை சிரித்தது. பின்வரிசையிலிருந்து பல்லி குரல் கொடுத்தார்: “மாஸ்டர், எங்க அக்காகிட்ட வாய் குடுக்காதீங்க. பல்லு மாட்டிவிடுற கைக்குக் கழட்டவும் தெரியும்.”

ஆலைக் கம்பம் வேண்டாம் என்றார் பல்லக்கா. அதைச் செய்தது யார், எவ்வளவு காற்றைத் தாங்கும்படி செய்தார்கள் என்று சொல்ல யாருமில்லை. சொல்ல ஆளில்லாத இரும்பில் தம்பியை ஏற்ற முடியாது. புது டவர் சங்கத்தின் சக்திக்கு மீறியது. மூன்றாவதாக, மூடிப்போன டாக்சி கம்பெனி ஒன்று வண்டிகளோடு பேச வைத்திருந்த டவரைக் கழற்றி விற்றுக்கொண்டிருந்தது. கால்கள் மூன்றும் உருண்டைக் குழாய்கள். உருண்டையான குழாயைச் சுற்றிக் காற்று எளிதாக வழுக்கிப் போய்விடும், சதுரத்தின் மேல்தான் முட்டும். செய்த கம்பெனி அடிப்பகுதியில் தகடு அடித்து, இத்தனை பரப்புள்ள ஆன்டெனா வரை தாங்கும் என்று சொல்லியிருந்தது.

பல்லக்கா ஒவ்வொரு ஆன்டெனாவின் பரப்பையும் கூட்டிப் பார்த்தார். தகட்டில் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வந்தது. பக்கத்தில் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆன்டெனாவை நீக்கினார். மேல் துண்டுகள் சிலவற்றை விட்டுவிட்டு உயரத்தைக் குறைத்தார். டவரை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் பழசு கூடாது, புதுசுதான் என்றார். அஸ்திவாரத்தைக் கட்டடப் பொறியாளர் வந்து பார்த்தார். விழுந்தால் யார் வீட்டின் மேலும் விழாத இடமாக, டிரைவிங் பள்ளியின் பயிற்சி மைதானத்து ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். மாஸ்டர் முனகிக்கொண்டே இருந்தார். “டவர் வாங்கச் சொன்னா இந்தம்மா டவருக்கு ஜாதகம் பாக்குது” என்றார்.

“ஜாதகத்தை நம்பாததாலதான் இவ்வளவு வேலை” என்றார் பல்லக்கா.

இதையெல்லாம் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, “கவனமில்லாத பெண்” என்று யாராவது சொல்லக்கூடும். சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் கவனம் என்ற ஒன்று இருந்ததே அவரிடம்தான்.

டவர் நின்றது. சிவப்பும் வெள்ளையும் பூசினார்கள். ஏறி இறங்கும் வேலையெல்லாம் பல்லியுடையது. அந்த முதல் வாரத்திலேயே கையை உதறிக்கொண்டு இறங்கி வந்தார். புறங்கை வீங்கியிருந்தது.

“குளவிக்கா. கால்ல ஓட்டை இருக்கு பாரு, அதுக்குள்ள குடும்பம் நடத்துது.”

பல்லக்கா குனிந்து பார்த்தார். மூன்று குழாய்க் கால்களிலும், அஸ்திவாரத்துக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

“மேல பாதியில தொங்கும்போது கொட்டிச்சுன்னா கையை விட்டுருவேன்க்கா. அடைச்சுவிடேன்.”

வாழ்நாள் முழுக்க ஓட்டைகளையும் இடைவெளிகளையும் மூடியே பழகிய கை அது. பல்லில் குழி என்றால் நிரப்ப வேண்டும், ஈறில் இடைவெளி என்றால் மூட வேண்டும், விட்டுவைத்தால் கெட்டுப்போகும். பல்லக்காவின் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பட்டறைக்குப் போய், பல்செட்டின் ஈறுப் பகுதிக்குப் போடும் அக்ரிலிக்கைக் கலந்து கொண்டுவந்தார். ரோஜா நிறம். மூன்று ஓட்டைகளையும் நிரப்பி, இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்து, விரலால் தடவினால் விளிம்பு தெரியாதபடி செய்துவிட்டார். அன்று அவர் அடைத்தது தம்பியை வலிக்காமல் வைத்திருப்பதற்காக. வேறு எதற்காகவும் இல்லை.

மாஸ்டர் வந்து பார்த்து அசந்துபோனார். “அடடா, டவருக்கே பல்லு கட்டிட்டீங்களே!” படம் எடுத்தார். ‘எங்கள் சங்கத்து நுணுக்கம்’ என்று எழுதி மற்ற ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் அனுப்பினார். பாராட்டு வந்து குவிந்தது. அந்த அக்ரிலிக் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள், எப்படிக் கலப்பது என்று கேட்டார்கள். பல்லக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஓட்டையை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வானொலி அலையை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறவர்கள் இவர்கள். ஆன்டெனாவின் நீளம் ஒரு விரல் தப்பினால் தூக்கம் வராது. பொழுது போகாமல் யாரும் இரும்பில் ஓட்டை போடுவதில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எதற்காக என்று சொல்லிவிடுகிறேன். டவரின் துண்டுகள் சேரும் இடங்களில், போல்ட் துளைகள் வழியாக, மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் இறங்கும். வெயிலிலும் பனியிலும் உள்ளேயே வியர்க்கும். அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் அடியில் ஓட்டை. அதை அடைத்தால் கால் ஒரு பாத்திரமாகிவிடும். தண்ணீர் அடியில் தேங்கி நின்று உள்பக்கமிருந்து அரிக்கும். வெளியே துத்தநாகப் பூச்சு, அதன்மேல் சிவப்புச் சாயம், எல்லாம் புத்தம் புதிதாக மின்னும்.

வருடங்கள் ஓடின. பெரிய ஆன்டெனா வேலை செய்தது. இன்னொரு பெருமழையில் அணைக்கட்டு நிலவரத்தை இவர்கள்தான் ஊருக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் கூடி டவரைச் சோதிப்பார்கள். ஸ்டே கம்பியின் இழுப்பைப் பார்ப்பார்கள், போல்ட்டுகளை முடுக்குவார்கள், பல்லியின் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார்கள். பல்லக்கா சாயம் பூசுவார். காலடியில் தரையோடு உட்கார்ந்து, தன்னுடைய ரோஜா நிற அடைப்பின் மேலும் ஒரு பூச்சு.

அன்று காலை, ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் சிக்கிக்கொண்டது. பல்லி வேலைக்குப் போகும் வழியில் வந்தார். மேலே ஏறிக் கழற்றிக் கயிற்றில் இறக்கவேண்டியதுதான். பல்லக்கா கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். காற்று இருந்தது, பயப்படும்படியாக இல்லை.

“அக்கா, உன் நாய்க்காரக் கிழவர் வீடு இங்கிருந்து தெரியுது.”

“விசாரிச்சதாச் சொல்லு. கீழ பாக்காம வேலையைப் பாரு.”

“ஸ்பானர் விழுந்தா நகர்ந்துக்கோ. உன் மண்டை உடைஞ்சா எனக்குச் சோறு போடுறது யாரு?”

“உன் பொண்டாட்டி.”

“அதான் பயமே.”

இதுதான் கடைசிப் பேச்சு. மைதானத்தில் அப்போது ஒரு பெண் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது என்று பிறகு சொன்னாள். டவரின் ஒரு கால் அடியில் மடங்கியது. ஸ்டே கம்பிகள் அறுந்துபோகவில்லை, எல்லாமே அதனதன் இடத்தில் பிடித்திருந்தன. காலே இல்லாததைக் கம்பிகள் எப்படிப் பிடிக்கும்? பல்லியின் பெல்ட் டவரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. விதிமுறைப்படி சரியாகவே கட்டியிருந்தது.

பல்லக்கா கயிற்றை விடவில்லை. அதை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நடந்ததற்கு ஏதோ ஒரு பெயரைச் சொன்னார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். போகவேண்டிய வேளை வந்துவிட்டது என்றார்கள். மாஸ்டர் கண் கலங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம சங்கம் நல்லா இருந்துச்சு, எவன் கண்ணோ பட்டுடுச்சும்மா” என்றார். அவர் அழுதது பொய்யில்லை.

“எந்தக் கண்ணு மாஸ்டர்? அது எத்தனை கிலோ தள்ளும்?” என்று கேட்டார் பல்லக்கா.

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அந்த வீட்டில் அன்று புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

பழைய இரும்புக்காரர் டவரை அள்ளிப்போக வந்த அன்று பல்லக்கா மைதானத்துக்குப் போனார். மடங்கிய காலைப் பார்க்க வேண்டும் என்றார். இரும்புக்காரர் வேண்டாம் என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கடப்பாரையால் காலைப் புரட்டிப் போட்டார். கிழிந்த வாயிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

“எங்கிருந்தும்மா இவ்வளவு தண்ணி?” என்றார் இரும்புக்காரர். குழாயின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் போல நொறுங்கியது. வெளியே சிவப்புச் சாயம் மட்டும் தோலாக நின்றது. சுற்றிலும் எல்லாம் தின்னப்பட்டிருக்க, நடுவில் ஒன்றுமட்டும் பழுதில்லாமல் இருந்தது. வழவழப்பாக, உள்பக்கம் ஈறு நிறத்தில்.

பல்லக்காவுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தன் கைவேலை தனக்குத் தெரியாதா? அதைப் பிடுங்கி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நேரே மாஸ்டரின் வகுப்பறைக்குப் போனார்.

மாஸ்டர் வெகுநேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல. முதல்ல உங்ககிட்டதான்.”

“அப்போ இதோட விட்டுடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கூடப்பிறந்தவனைக் கொன்னவள்னு ஊர் பேசும். அவன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வீங்க? போனவன் திரும்பியா வரப்போறான்?”

“நீங்க படம் எடுத்து அனுப்பினீங்களே மாஸ்டர். அதைப் பாத்து எத்தனை ஊர்ல அடைச்சிருக்காங்க?”

மாஸ்டர் அடைப்பை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

“அங்கெல்லாம் யாராவது ஏறிட்டிருப்பாங்கல்ல?”

“அவங்க டவரை அவங்க பாத்துக்குவாங்க. நாமளே போய்த் தப்பு எங்க மேலன்னு சொன்னா சங்கத்தை மூடிடுவாங்க, உரிமம் போயிடும். மழைக்கு நாம எவ்வளவு உதவினோம்? அதெல்லாம் வீணாகணுமா?”

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். எல்லா ஊரிலும், எல்லா அலுவலகத்திலும், யாரோ செத்தபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற கேள்வி இதுதான். நாம் செய்த நல்லதைக் காப்பாற்ற, இன்னும் சிலர் செத்தால் பரவாயில்லையா? இவ்வளவு நேராக யாரும் கேட்கமாட்டார்கள். சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அதுவும் எதிரே இருப்பவரின் நல்லதுக்காக.

பல்லக்கா வீட்டுக்கு வந்தார். மாடியேறினார். தம்பி மனைவி தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாருடைய பள்ளிக்கூடச் சட்டைக்கோ கைவைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பல்லியின் வேலைச்சட்டைகள் துவைத்து மடித்து இருந்தன. யார் போட்டுக்கொள்ளப்போகிறார்கள் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

“டவர் கால்ல ஓட்டையை அடைச்சது நான்தான். அதனால உள்ள தண்ணி தேங்கி அரிச்சிருக்கு. அதனாலதான் மடங்கிச்சு” என்றார் பல்லக்கா. வழியெல்லாம் யோசித்த வார்த்தைகள் இவ்வளவாகச் சுருங்கிவிட்டன.

இயந்திரம் நின்றது.

“குளவி கொட்டுதுன்னு அவருதானே அண்ணி அடைக்கச் சொன்னாரு? எனக்கு ஞாபகம் இருக்கே. அந்தக் கைக்கு நான்தான் மருந்து போட்டேன்.”

“அவன் சொன்னான். அடைச்சது நான்.”

“அப்போ நான் யார் மேல கோவப்படட்டும்? அவர் மேலயா, உங்க மேலயா?” குரல் உயரவில்லை. “கோவப்படக்கூட எனக்கு ஒரு வேத்தாளை மிச்சம் வைக்கலையே நீங்க.”

பல்லக்கா நின்றுகொண்டே இருந்தார்.

“விதின்னு எல்லாரும் சொன்னாங்க. நம்பல. ஆனா அதைக் கேட்டுட்டு கொஞ்சம் தூங்கினேன் அண்ணி. இனிமே அதுவும் முடியாது. எதுக்கு வந்து சொன்னீங்க?”

“ஊருக்குச் சொல்லப்போறேன். அடைச்ச டவர் இன்னும் நிறைய நிக்குது. நீ வேற யார் வாயிலயோ கேக்கக்கூடாதுன்னு…”

“சரி. சொல்லிட்டீங்கல்ல. போங்க.”

விதி என்ற சொல்லை வெறுப்பவன் நான். அது சோம்பேறிகளின் போர்வை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறேன். அந்தப் போர்வைக்குள் ஒரு பெண் கொஞ்ச நேரம் தூங்கினாள் என்றால், அதை உருவியெடுக்க யாருக்கு உரிமை உண்டு? உருவாமல் விட்டால் அடுத்த டவரின் கீழே இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் தெரியும். பல்லக்காவுக்கும் அது தெரிந்திருந்தது.

ஞாயிறு காலையில் எல்லா ஊர்ச் சங்கங்களும் ஒரே அலைவரிசையில் கூடுவது வழக்கம். மாஸ்டர்தான் நடத்துவார். ஒவ்வொரு நிலையமாக அழைக்க, அவரவர் தகவல் சொல்லி விலகுவார்கள். அன்று பல்லக்காவின் முறை வந்தது. முதல் வாக்கியத்தைச் சொன்னார்: “எங்க டவர் விழுந்ததுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கு.”

“அம்மா, உங்க துக்கத்துல எல்லாரும் பங்கெடுக்கறோம். அடுத்த நிலையம் வரலாம்” என்றார் மாஸ்டர்.

பல்லக்கா பேச்சைத் தொடர்ந்தார். அந்த அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால் இருவர் பேச்சும் கேட்காது, ஊளைச் சத்தம்தான் வரும். மாஸ்டர் பொத்தானை அழுத்திக்கொண்டார். ஊளை கேட்டது. அவர் விட்டதும் பல்லக்கா முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி ஊளை. மறுபடி முதலிலிருந்து. வருத்தமில்லாத, கோபமில்லாத குரல், கடையில் சாமான் சொல்வது போல. எத்தனை தடவை என்று எண்ணியவர் யாருமில்லை.

கடைசியில் தொலைவிலிருந்து ஒரு பெரியவர் குரல், கரகரப்பாக, குறுக்கே வந்தது. “மாஸ்டர், அந்தக் கையை எடுய்யா. அந்தம்மா பேசட்டும்.”

பல்லக்கா பேசினார். ஓட்டை எதற்கு இருந்தது, யார் அடைத்தது, எதைக் கலந்து அடைத்தது, என்ன ஆயிற்று. “அடைச்சது நான். சொல்லிக்குடுத்ததும் நான். உங்க டவர்ல அடைப்பு இருந்தா யாரையும் ஏத்தாதீங்க” என்று முடித்தார். பிறகு அதே பெரியவர்: “எங்க டவர்லயும் அடைச்சிருக்கும்மா. மக நாளைக்கு ஏறப்போறேன்னு நின்னுட்டிருக்கா.” உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். “ஏறமாட்டா.”

மறுநாள் பல்லக்கா பேருந்து பிடித்து அந்த ஊருக்குப் போனார். பட்டறையிலிருந்து கையடக்கத் துரப்பணம் எடுத்துப்போயிருந்தார். பெரியவரின் மகள், வாட்டசாட்டமான பெண், பெல்ட்டோடு வாசலிலேயே நின்றாள். முதல் காலின் அடைப்பைத் துளைத்து எடுத்தபோது ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முழங்கால் மண்ணில் பதிய உட்கார்ந்திருந்த பல்லக்கா, தண்ணீர் நிற்கும்வரை அதன் கீழே கையை ஏந்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அவர் தோளைத் தொட்டாள். தம்பி போன நாளிலிருந்து அதுவரை அழாத பல்லக்கா அங்கேதான் அழுதார், முன்பின் தெரியாத ஒருத்தியின் காலைக் கட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு எல்லோரும் திருந்தினார்கள் என்று எழுத ஆசைதான். சில ஊர்களில் திறந்து பார்த்தார்கள். ஒரு டவரை இறக்கினார்கள். பல ஊர்களிலிருந்து பதிலே வரவில்லை. ஒரு சங்கத்தின் செயலாளர், “ஒரு பொம்பளை செஞ்ச தப்புக்கு நாங்க ஏன் டவரை இறக்கணும்? எங்களுது நல்லாத்தான் நிக்குது” என்றார். பல்லியின் டவரும் அன்று காலை வரை நன்றாகத்தான் நின்றது. பல்லக்காவைச் சொந்தச் சங்கம் ‘அமைதி கருதி’ நீக்கிவிட்டது. மாஸ்டர் இன்னும் தலைவர். அவர் அனுப்பிய படம் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே ‘அருமையான யோசனை’ என்று புதிது புதிதாக யாரோ எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள்.

தையல்காரி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். போகும்போது கீழ்த்தளத்துக் கதவைத் தட்டவில்லை. அது நியாயமில்லை என்று சொல்ல பல்லக்கா யாரையும் அனுமதிப்பதில்லை. அவர் இப்போதும் பல்செட் செய்கிறார். வானொலியைப் போட்டால் கேட்கமட்டும் செய்கிறார், பேசுவதில்லை. நாய்க்காரக் கிழவர் சில நாட்கள் அழைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உங்கள் தெருவில், பள்ளிக்கூடத்து மாடியில், காவல் நிலையத்துப் பின்புறத்தில், நண்பர் வீட்டுத் தோட்டத்தில் குழாய்க்கால் டவர் ஒன்று நிற்கலாம். உங்கள் அப்பாவோ மகளோ அதில் ஏறுகிறவராக இருக்கலாம். போய் அதன் காலடியில் குனிந்து பாருங்கள். அங்கே ஓட்டை திறந்திருக்க வேண்டும். சிமெண்டோ, சாயமோ, மெழுகோ, குளவிக்கூடோ, எதுவும் அதை மூடியிருக்கக்கூடாது. மூடியிருந்தால், திறந்துவிட்டோமே என்று ஏறிவிடாதீர்கள். உள்ளே அரித்துப்போனது மறுபடி முளைக்காது. சுத்தியலால் தட்டுங்கள், மந்தமாகக் கேட்டால் பயப்படுங்கள். கணீரென்று கேட்டாலும், விஷயம் தெரிந்த பொறியாளர் வந்து பார்க்கும்வரை யாரையும் முதல் படியில்கூடக் கால்வைக்க விடாதீர்கள். உங்களைக் கேலி செய்வார்கள், சங்கத்திலிருந்து நீக்குவார்கள். நீக்கட்டும். தயவுசெய்து இன்றைக்கே போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே.